வாய்க்கால் ஓரத்து டைனமோ

“பற்றரி லைற்தான் நல்லது எண்டு நான்—”

“டைனமோவைப் பூட்டுங்கோ நானா, இவரின்ர கதையைக் கேளாதேங்கோ—”

“நேசம், ஒருக்கால் என்னைக் கதைச்சு முடிக்க விடும்—”

“நீங்கள் கதைச்சு முடிக்க முதல் உந்தப் பற்றரி முடிஞ்சு போம்!”

கிளிநொச்சியில், கண்டி வீதியோரம் இருந்த சைக்கிள் கடையில்தான் இந்தச் சண்டை. கடைக்காரர் மஹ்றூப் நானா, முல்லைத்தீவிலிருந்து வந்து கடை போட்டவர். வலக்கையில் டைனமோவையும் இடக்கையில் பற்றரி விளக்கையும் பிடித்தபடி, பெண் பேசும்போது ஒரு கையை உயர்த்துவதும் ஆண் பேசும்போது மற்றக் கையை உயர்த்துவதுமாக நின்றார். பக்கத்து வயல் குடியேற்றத்துக்குக் கலியாணமாகி வந்து ஒரு போகம் கூட ஆகாத நேசமலர், கரியரில் இருந்து இறங்கியதும் இறங்காததுமாகத் தொடங்கிய வாய் இன்னும் மூடவில்லை. புருசன் யோகலிங்கத்துக்கோ வியர்த்து வழிந்தது.

போன கிழமை, இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில் வெளிச்சமில்லாமல் வந்த அவனைப் பொலிஸ்காரர் மறித்து, இனிமேல் இப்படிக் கண்டால் கோட்டில் வழக்குத்தான் என்று எச்சரித்து விட்டிருந்தார். ஆகவே விளக்கு ஒன்று பூட்டத்தான் வேண்டும்.

“ஆனை நிண்டால் என்ன செய்யிறது?” என்றான் யோகலிங்கம். “சைக்கிளை நிப்பாட்ட டைனமோ வெளிச்சமும் நிண்டு போம். முன்னால ஆனை, சுத்திவர இருட்டு. பற்றரி எண்டால் நிண்டாலும் எரியும். ஆனையை வடிவாப் பாக்கலாம்.”

“வடிவாப் பாத்து? அதின்ர சாதகத்தைக் கேக்கப் போறியளோ?”

நானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தங்கச்சி சொல்றதும் சரி, தம்பி சொல்றதும் சரி. ரெண்டையும் பூட்டி விடுவமோ?”

“வேண்டாம்!” என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

“நானா, பற்றரி மழைக்கு ஊறும். இவர் அணைக்க மறந்தால் விடியச் செத்துக் கிடக்கும். டைனமோவுக்கு என்ன? சில்லுச் சுத்தினால் சரி.” நேசமலர் குரலை இனிப்பாக்கிக்கொண்டாள். “இன்னொண்டும் இருக்கு. எங்கட வீடு வயல் முடியிற அந்தத் தொங்கல். முத்தத்தில நிண்டால் வாய்க்கால் றோட்டு முழுக்கத் தெரியும். இவர் ஓடினால் வெளிச்சம் ஓடும். எங்கையும் நிண்டால் வெளிச்சம் நூந்து போம். ஆள் எந்த இடத்தில நிக்கிறார் எண்டு வீட்டில இருந்தே கண்டுபிடிக்கலாமெல்லோ!”

“அட, பொலிசைவிடத் தங்கச்சி பொல்லாத ஆள்,” என்றார் நானா.

யோகலிங்கம் பயந்ததே இதற்குத்தான். ஆனை எல்லாம் சும்மா கதை.

கலியாணத்துக்கு முந்தி யோகலிங்கம் கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவன். அவன் அரசியாக வந்து நின்றால் சனம் பாயை விட்டு அசையாது. கரவெட்டியிலிருந்து சம்பந்தம் பேசி வந்தபோது, பெண்ணின் தமையன் அப்புத்துரை கதிரையில் சாய்ந்தபடியே, “கூத்தாடுறவனுக்கு என்ர தங்கச்சியைக் குடுக்கேலாது” என்று வெட்டொன்றாகச் சொல்லிவிட்டார். யோகலிங்கத்தின் தாய் விடுவாளா? “அதெல்லாம் என்ர பிள்ளை எப்பவோ விட்டிட்டான்” என்று கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினாள். அவனும் மெய்யாகவே விட்டுத்தான் இருந்தான், அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கூத்துப் போடுவதென்று வீரகத்தி அண்ணாவியார் மத்தளத்தைக் கையில் எடுக்கும் வரைக்கும். ஊர் ஊராய்ப் போய்க் கூத்துப் பழக்குகிற மனுசன் அவர். “அரசிக்கு உன்னை விட்டால் ஆள் இல்லையடா” என்று அவர் ஒரு சொல் சொன்னார். தாயின் சத்தியம் வாய்க்கால் தண்ணீரோடு போய்விட்டது.

அது சிறுபோகக் காலம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். “தண்ணி முறை, பாத்திட்டு வாறன்” என்று பொழுதுபடப் புறப்படுகிறவன், அரைவழியில் அண்ணாவியாரின் வளவுக்குள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரசியாகிவிடுவான். நேசமலருக்குத் தெரிந்தால் அப்புத்துரைக்குத் தெரியும். அப்புத்துரைக்குத் தெரிந்தால் அரசி வேஷமும் போம், பெண்சாதி முன்னால் அவன் மரியாதையும் போம். பொங்கலன்று அவளே வந்து பார்க்கமாட்டாளா என்று அவன் யோசிக்காமலில்லை. முகத்தில் முத்துவெள்ளை பூசி முடி தரித்தால் பெற்ற தாய்க்கே ஆள் பிடிபடாது, மிச்சத்தை அம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டிருந்தான்.

நானா பற்றரி விளக்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “தம்பி, குறை நினையாதை. வீட்டுக்காரியின்ர வாக்குத்தான் என்ர கடையில செல்லும்.”

டைனமோ ஏறியது.

“நாசமாய்ப் போச்சு அண்ணாவியார்,” என்று யோகலிங்கம் அன்று பொழுதுபட வளவுக்குள் வந்து தலையில் கையை வைத்தான். “நிண்டால் நூந்து போம். நூந்தால் அவாவுக்குத் தெரிஞ்சு போம்.”

“அப்ப நிக்காதை.”

“நிக்காமல் என்னெண்டு ஆடுறது?”

“சைக்கிள் நிக்காமல் இருந்தால் சரிதானேயடா.” அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிப் பார்த்தபடி, மூலையில் இருந்த கனகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். கனகலிங்கம் கூத்தில் மந்திரி. “டேய், மந்திரி வாறது ஆகக் கடைசியில. அதுவரைக்கும் நீ இஞ்ச இருந்து என்ன செய்யிறாய்?”

“வெத்திலை போடுறன்.”

“போடு. சைக்கிளில இருந்து போடு.”

அன்றிலிருந்து யோகலிங்கம் வளவுக்குள் அரசியாக நடக்க, கனகலிங்கம் அவன் சைக்கிளில் ஏறி, மதகடியிலிருந்து வாய்க்கால் கதவடி வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தான். தூரத்தில் நின்று பார்த்தால், பாவம், ஒரு மனுசன் தண்ணீருக்காக ஓடியாடித் திரிகிறான் என்றுதான் தெரியும்.

“மந்திரி எண்டு கூட்டிக்கொண்டு வந்து தண்ணிக்காறன் ஆக்கிப் போட்டியள்,” என்று கனகலிங்கம் இறங்கும்போதெல்லாம் முழங்காலைத் தடவினான். “பொங்கலண்டைக்கு மந்திரி நொண்டிக்கொண்டுதான் வருவார். சொல்லிப் போட்டன்.”

“ராசாவுக்கு விசுவாசமான மந்திரி எண்டு சனம் அழுமடா,” என்றார் அண்ணாவியார்.

கூத்துப் பழக்கம் முடிய, யோகலிங்கம் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். அந்த வழிதான் அவனுக்குச் சொர்க்கம். இரு பக்கமும் முழங்கால் உயரப் பயிர், தவளைச் சத்தம், காற்று. அரசி சபைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டை வாய்க்குள் போட்டுக்கொண்டு மிதிப்பான். சத்தமாகப் பாடுவதற்கு அவன் என்ன விசரனா? வீட்டுக்குக் கேட்டுவிடுமே. வாய்க்குள் மட்டும்தான். முற்றம் தெரிந்ததும் அதையும் நிறுத்தி, முகத்தைத் தண்ணீர் பார்த்துக் களைத்த முகமாக்கிக்கொள்வான்.

“தண்ணி வந்ததோ?” என்பாள் நேசமலர்.

“ஓம், வடிவா வந்தது.”

“நல்லது. கைகாலைக் கழுவிக்கொண்டு வாங்கோ.”

இவ்வளவு லேசா என்று அவனுக்கே ஆச்சரியம். பற்றரிக்காகவா அவ்வளவு சண்டை பிடித்தோம்?

ஒரு நாள் குசினிக்குள் பலகையில் இருந்து புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நேசமலர் இன்னொரு துண்டு மீனைப் போட்டபடி, உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

“மீசையை எப்ப வழிக்கப் போறியள்?”

புட்டு தொண்டையில் நின்றது.

“மீசையோ? ஏன், என்ர மீசைக்கு என்ன?”

“உங்களுக்கு வடிவுதான். அரசிக்கு என்னத்துக்கு மீசை?”

அவன் தண்ணீர்ச் செம்பைத் தேடினான். அவளே எடுத்துக் கொடுத்தாள். குடித்து முடித்து, “ஆர் சொன்னது? கனகலிங்கமோ?” என்றான்.

“ஓகோ! அப்ப முன்னேரம் ஓடித் திரியிறது கனகலிங்கமோ? ஆராக்கும் எண்டு இவ்வளவு நாளும் மண்டையைப் போட்டு உடைச்சன்.”

கனகலிங்கத்தை யோகலிங்கமே காட்டிக் கொடுத்தாயிற்று. இனி மறைத்து என்ன?

“ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட லைற்தான் சொன்னது,” என்று நேசமலர் அவனுக்கு எதிரே சம்மணம் கொட்டி இருந்தாள். “முதல் ஓடுற ஆள் நெல்லு மூட்டை ஏத்தின வண்டில் மாதிரி ஒரே சீராய்ப் போகும். வெளிச்சம் கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது. பிறகு நீங்கள் ஏறுவியள். ஏறின உடனை வெளிச்சத்துக்குச் சன்னதம் வந்திடும். கூடும், கூடும், மங்கும். கூடும், கூடும், மங்கும். மதகடிக்கு வரேக்கை இரட்டிக்கும். டைனமோ பழுதாக்கும், நானாவிட்டைக் குடுத்து மாத்துவம் எண்டுதான் முதல் நினைச்சன். அடுத்த நாள் முத்தத்தில நிண்டு பாக்கிறன், என்ர கை தன்ர பாட்டில தொடையில தட்டுது. தா தெய்… தா தெய்… அட, இது அரசி வரவெல்லோ!”

பாட்டைத்தான் அவன் வாய்க்குள் அடக்கினான். காலை யார் அடக்கியது? வளவுக்குள் தாளத்துக்கு விழுந்த கால், மிதியிலும் தாளத்துக்கே விழுந்திருக்கிறது. அழுத்தினால் எரிவதும் விட்டால் மங்குவதுமாக டைனமோ அதை வயல் முழுக்கப் பறைந்துகொண்டு போயிருக்கிறது.

“பற்றரி எண்டால் நான் தப்பியிருப்பன்,” என்றான்.

“ஓம், தப்பியிருப்பியள். அது ஒரே வெளிச்சம். தாளம் தெரியாத சாமான்.”

“அது கிடக்கட்டும். உமக்கு என்னெண்டு அரசி வரவு தெரியும்?”

“எங்கட தில்லைநாதன் அம்மானைக் கலியாணத்தண்டு கண்டனீங்கள்தானே? அவர் ஆர் எண்டு நினைச்சியள்? கரவெட்டியில அவர்தான் அண்ணாவியார். எங்கட வளவிலதான் பழக்கம். ஆம்பிளையள் வேலிக்கு அங்கால ஆடுவினம். நான் இஞ்சால நிண்டு ஆடுவன். பொம்பிளைப் பிள்ளையை ஆர் கூப்பிட்டு ஆட விட்டது? அரசி, தோழி, எல்லாப் பாட்டும் எனக்குப் பாடம்.”

“அப்ப உம்மட அண்ணை ஏன் கூத்தாடிக்குக் குடுக்கேலாது எண்டவர்?”

“அம்மான் மத்தளத்தோட திரிஞ்சு தோட்டத்தைக் காய விட்டிட்டார். அண்டையில இருந்து அண்ணைக்குக் கூத்து எண்டால் வயித்தெரிச்சல். குடுக்கேலாது எண்டு சொன்னது அண்ணை. என்னட்டை ஆர் கேட்டது?”

யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பயமும் கூடவே வந்தது. “இப்ப அவருக்கு என்ன சொல்லப் போறீர்?”

“ஒண்டும் சொல்லப் போறேல்லை. பொங்கலுக்கு வரட்டும். முன் பாயில இருந்து பாக்கட்டும். ஆட்டம் நல்லாய் இருந்தால் அண்ணை வாய் திறக்கமாட்டார். அம்மான் ஆடேக்கை ஒளிச்சு நிண்டு அழுதவரெல்லோ அவர்! பிழைச்சால்தான் எங்கள் ரெண்டு பேரையும் கிழிச்சுத் தோரணம் கட்டுவார்.”

“என்ர ஆட்டம் பிழைக்காது.”

“பிழைக்குதே.”

“என்ன?”

“மதகடியில இரட்டிச்ச பிறகு ஒரு அடியை விழுங்கிறியள். ஒவ்வொரு நாளும் அந்த ஒரே இடத்தில.”

“அது மதகு மேடு! மிதி தடங்குது!”

“அந்த மேட்டில கனகலிங்கத்துக்குத் தடங்கேல்லையே.”

யோகலிங்கம் விரலை மடக்கி, வாய்க்குள் பாட்டை ஓட்டிப் பார்த்தான். ஓட்டினான், நிறுத்தினான், திரும்ப ஓட்டினான். முகம் மெல்ல மெல்ல விடிந்தது. “அட கோதாரி,” என்றான். “விழுங்கிறன்தான்.”

நேசமலர் எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த சுளகை எடுத்து அவன் மடியில் கவிழ்த்து வைத்தாள். “மத்தளம் இல்லை, இது காணும். கையைக் கழுவுங்கோ. அடியைக் காட்டித் தாறன்.” கைவிளக்கை அடுப்பு மேட்டில் ஏற்றி வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். குசினிக்கு வெளியே போய், வாசல் நிலையைப் பிடித்தபடி, ஒரு காலை முன்வைத்துக் கண்ணைத் தாழ்த்தி நின்றாள். கரியரில் குந்தியிருந்து கதை பறைகிற நேசமலரை அங்கே காணவில்லை. யோகலிங்கம் எத்தனையோ கூத்து மேடையில் நின்றவன்தான். மெய்யான அரசி ஒருத்தி அவன் முன்னால் வந்து நின்றது இதுதான் முதல் தரம். கையில் புட்டுக் காய, மடியில் சுளகோடு, அவன் அப்படியே இருந்தான்.

நேசமலர் கண்ணை மட்டும் நிமிர்த்தினாள்.

“என்னப்பா, பாட்டைத் தொடங்குங்கோவன்! ராசா இப்பிடி வாய் பாத்துக்கொண்டிருந்தால் அரசி என்னெண்டு சபைக்கு வாறது?”