பாரக்கல்லை இறக்கிய பிறகு

பட்டறையின் மூலையில் ஒரு படகு இரண்டு வருஷமாக வயிறு திறந்தபடி கிடந்தது. பலகையைப் பிரித்த பிறகு பில் ஏறிக்கொண்டே போனதில், அதன் சொந்தக்காரர் ஒரு நாள் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். இப்போது மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறார். பட்டறைக்காரனின் தங்கை அந்தப் பக்கம் போனால், தூக்கின பெட்டியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்வார். கடன் பட்டவள் போல அவள்தான் கூசிப்போய்த் திரும்புவாள்.

அண்ணன் அதைத் தப்பென்று நினைத்ததே இல்லை. "திறந்து பாத்தாதானே தெரியும்" என்பது அவனுக்கு மட்டுமல்ல, அந்தக் கரையில் உள்ள எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் வாய்ப்பாடு. முதலில் வாய்க்கு இனிப்பாக ஒரு விலை சொல்வார்கள். படகு கரையேறி, பலகை பிரிந்ததும் விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிரித்துப் போட்ட படகை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு யார் எதிர்ப் பட்டறைக்குப் போக முடியும்?

"இனிமே எஸ்டிமேட் நான் போடறேன்" என்று அவள் கேட்டபோது, அண்ணன் டீயை வாயில் வைத்தபடியே சிரித்தான்.

"நீயா? நீ நெஜத்தைச் சொல்லுவியே."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

ஒரு வாரம் விடாமல் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், கதவைப் பூட்டும்போது கேட்டாள். கடைசியில் அண்ணனுக்கே அலுத்துவிட்டது.

"சரி. அடுத்து வர்ற ஒரு படகு உன் பொறுப்பு. நஷ்டம் வந்துச்சுன்னா விலைப் பேச்சே எடுக்கக் கூடாது. பழையபடி பெயிண்ட் ரூம்ல டப்பாவை எண்ணிக்கிட்டு உக்காந்துக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

அடுத்து வந்ததோ, கரை முழுக்கப் பாதிவிலை என்று பேர் வாங்கிய மனிதரின் படகு. எந்தச் சாமானுக்கு என்ன விலை சொன்னாலும் அதில் பாதிக்குக் கேட்பார். அவருக்காகவே கடைக்காரர்கள் இரண்டு மடங்கு சொல்வார்கள். இரண்டு பக்கமும் சந்தோஷமாகப் பிரிவார்கள். அண்ணன் அவள் காதில், "நல்லா மாட்டினே" என்றான்.

அவள் இரண்டு சிறு சுத்தியலோடு வந்தாள். ஒன்றைப் பாதிவிலையின் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கும்மா எனக்கு?"

"நான் தட்டற இடத்துல நீங்களும் தட்டுங்க அண்ணே. நல்ல மரம் கணீர்னு கேக்கும். உளுத்த மரம் மொத்துனு கேக்கும். ரெண்டு பேர் காதுக்கும் ஒண்ணாப் பட்டாதான் கோடு போடுவேன்."

வெள்ளைச் சாக்பீஸ் போட்ட இடம், இப்போதே செய்தாக வேண்டியது. அதற்கு ஒரே விலை, ஏறாது. மஞ்சள் போட்ட இடம், பிரித்துப் பார்க்க வேண்டியது. அதற்கு இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஓர் எல்லை. நீலம் போட்ட இடம் அடுத்த வருஷம் வரை தாங்கும். இப்போது காசைக் கொட்ட வேண்டாம். தச்சர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "சாக்பீஸ் டீச்சர், எங்களுக்கும் மார்க் போடுங்க" என்றான் ஒருவன். அன்றைக்கே அவளுக்குச் சாக்பீஸ் என்று பேர் விழுந்துவிட்டது.

அடிப்பக்கத்துக்கு வந்தபோது சுத்தியல் மொத்தென்றது. படகு தண்ணீரில் ஆடாமல் நிற்பதற்காக உள்ளே பாரக்கல் அடுக்கியிருந்தார்கள். கல் முட்டிக்கொண்டு நிற்கும் பலகையும் மொத்தென்றுதான் கேட்கும்.

"அண்ணா, கல்லை இறக்கிட்டுத் தட்டணும்" என்றாள்.

"அரை நாள் கூலி தண்டம். போன வருஷம் இறக்கினப்ப நல்லாத்தானே இருந்துச்சு? கல்லுச் சத்தம்தான் அது, விடு."

காலையிலிருந்து அண்ணனோடு மல்லுக்கட்டியதில் அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. கல்லுச் சத்தம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

விலையைச் சொன்னதும் பாதிவிலை வழக்கம்போலப் பாதிக்குக் கேட்டார்.

"இல்ல அண்ணே. இதுதான் விலை."

"எதிர்ப் பட்டறைல இதுல பாதிதான் சொன்னான்."

"அங்கேயே போங்க. ஆனா போன வருஷம் அவங்ககிட்ட விட்டவங்களைப் பாத்து, முதல்ல சொன்னது என்ன, கடைசில கொடுத்தது என்னன்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க."

பாதிவிலை கேட்கப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து அட்வான்ஸைக் கொடுத்தார். அவர் பேரம் பேசாமல் காசு கொடுத்ததைப் பார்த்த மேஸ்திரி, "மழை வரப்போவுது, மரத்தை உள்ள எடுத்து வைங்கப்பா" என்றார்.

வேலை மளமளவென்று நடந்தது. மஞ்சள் போட்ட இடமெல்லாம் எல்லைக்குள்ளேயே முடிந்தது. அண்ணன்கூட ஒருமுறை, "பரவாயில்லையே" என்று முனகினான். அதற்குப் பிறகுதான் அடிப்பலகைக்கு ஆணி அடிக்கப் பாரக்கல்லை இறக்கினார்கள். மேஸ்திரி உள்ளே குனிந்தபடி கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க கொஞ்சம் வாம்மா."

பலகையைத் தாங்கி விலா எலும்பு மாதிரி நிற்கும் வளைவு மரங்களில் இரண்டு, கல்லுக்குப் பின்னால் உளுத்துப் போயிருந்தன. விரலை வைத்தால் ஊறின ரொட்டியில் போவது போல உள்ளே போயிற்று. அன்றைக்குக் கேட்ட மொத்துச் சத்தத்தில் பாதி கல், பாதி உளுப்பு.

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"சரி, ஆளைக் கூப்பிட்டு அனுப்பு. திறந்து பாத்தோம், இருந்துச்சு, இவ்வளவு கூட ஆகும்னு சொல்லு. இதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"பொய் இல்ல" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"தட்டினப்பவே நாம பாத்திருக்கணும். பாக்கலை."

"அதுக்காக நம்ம கைக்காசைப் போட்டுச் செய்யப் போறியா? நீ அவருக்குத் தங்கச்சியா, எனக்குத் தங்கச்சியா?"

அவள் பெயிண்ட் ரூமுக்குள் போய் ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். தோற்றால் இங்கேதான் திரும்ப வேண்டும். டர்பண்டைன் நாற்றம் மூக்கை அரித்தது. முழுச் செலவையும் பட்டறை ஏற்றால் நிச்சயம் நஷ்டம். முழுவதையும் அவர் தலையில் கட்டினால், அண்ணன் வாய்ப்பாட்டுக்கும் அவள் சாக்பீஸுக்கும் என்ன வித்தியாசம்? நிறத்தைத் தவிர ஒன்றுமில்லை.

மெதுவாக யோசித்தாள். அன்றைக்கே கல்லை இறக்கிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளைக் கோடு போட்டிருப்பாள். புது மரத்துக்கு அவர் காசு கொடுத்துத்தான் இருப்பார். மரம் அவருடைய படகில்தான் உளுத்தது, அதைப் பட்டறை உளுக்க வைக்கவில்லை. ஆனால் பலகை அடித்த இடத்தை மறுபடி பிரிப்பதும், மறுபடி அடிப்பதும், போகிற நாட்களும் பட்டறையின் தப்பு. மரம் அவருடையது, கூலி நம்முடையது. இதற்கு மேல் ஒரு பக்கமும் சாயக் கூடாது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஆளனுப்பினாள்.

பாதிவிலை வரும்போதே இடுப்பைத் தடவிக்கொண்டு வந்தார். உளுத்த இடத்தைக் காட்டியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"வந்துட்டியா வழிக்கு? எப்ப வரும், எப்ப வரும்னுதான் நானும் காத்துட்டிருந்தேன். கூடக் கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் தனியா முடிஞ்சு வச்சிருக்கேன். சொல்லு, எவ்வளவு?"

"தப்பு எங்களுது அண்ணே. கல்லை இறக்காமத் தட்டினேன். அதனால பிரிக்கிற கூலி, அடிக்கிற கூலி எதுவும் உங்களுக்கு இல்ல. மரம் மட்டும் உங்களுது, நாங்க வாங்கின விலைக்கே. வாங்கின கடைச் சீட்டு இந்தா இருக்கு. வேண்டாம்னா, நீங்களே வெளில மரம் வாங்கிக் கொடுங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்தான். இத்தனை வருஷப் பேரத்தில் எதிராளி தானாகவே இறங்கி வந்து அவர் பார்த்ததில்லை. ஆனால் பழக்கம் அவரை விடவில்லை.

"சரி, மரத்துல பாதி?"

"இல்ல."

"கால்வாசியாவது குறைம்மா."

"தப்பு எதுவோ அதை நான் ஏத்துக்கிட்டேன். மரம் என் தப்பு இல்ல. அதுல ஒத்தக் காசு குறையாது."

அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து மரத்துக்கு மட்டும் எண்ணி வைத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப முடிந்துகொண்டார். முடியும்போது அந்த முடிச்சை இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

படகு தண்ணீரில் இறங்கிய மறுநாள், அண்ணன் கணக்குப் போட்டு நிமிர்ந்தான்.

"மிச்சம் என்ன தெரியுமா? பூஜ்யம். ஊருக்கு உழைச்சிருக்கோம்."

"நஷ்டமா?"

"நஷ்டம்னு சொல்ல முடியாது."

"நஷ்டம் வந்தாத்தான் பெயிண்ட் ரூம்னு சொன்னே."

"வக்கீல் மாதிரி பேசாதே. லாபம் வேண்டாமா நமக்கு?"

"அன்னிக்குக் கல்லை இறக்கியிருந்தா லாபம். அந்த அரை நாள் கூலியை மிச்சம் பிடிச்சது நீ, சரின்னு விட்டது நான். ரெண்டு பேரும் சேந்து தின்ன லாபம் அது."

அண்ணன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பாதிவிலையின் மச்சான். அவருடைய படகை ஏற்கனவே கரையேற்றிக் கட்டியிருந்தார்கள். அவர் அண்ணனைத் தாண்டிப் பார்த்து, "எனக்கும் அந்தச் சுத்தியலைக் கையில கொடுப்பீங்களாமே?" என்றார்.

"கொடுப்பேன். ஆனா இப்ப இல்ல" என்றாள் அவள். சுத்தியல் இரண்டும் பலகை மேல்தான் இருந்தன, அவள் தொடவில்லை. "முதல்ல பாரக்கல்லை இறக்கணும். அதுக்கு அரை நாள் கூலி. அதையும் விலையில சேத்துத்தான் சொல்லுவேன். சம்மதம்னா தட்டிப் பாக்கலாம்."

"சம்மதம்."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். தச்சர்கள் எல்லோரும் வேறு வேலையில் இருந்தார்கள். அண்ணன் கால்சட்டையை முழங்கால் வரை மடித்தான். ஏணியில் ஏறிப் படகுக்குள் குதித்தான். உள்ளேயிருந்து கல் உருளும் சத்தமும் அவன் மூச்சிரைப்பும் வந்தன.

"மலையையே பேத்துப் போட்டிருக்கான் இந்த ஆளு" என்று குரல் வந்தது. அப்புறம், "ஏய் சாக்பீஸ், நின்னு வேடிக்கை பாக்காதே. கையை நீட்டு."

அவள் கையை நீட்டி முதல் கல்லை வாங்கினாள்.