இரண்டாவது ஏரியல்

பூங்காவனம் என்ற ரப்பர் பால்வெட்டுக்காரி பிரசவத்தில் இரத்தம் போய் இறந்த செய்தி, மறுநாள் காலையில்தான் மலாக்காவின் காஜா பெராங் வயர்லெஸ் அறைக்கு வந்தது. அங்கே வயர்லெஸ் இயக்கும் ராஜரத்தினத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது அந்த அறை வழியாகத்தான். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே அலைவரிசை. கூரைமேல் ஒரே ஏரியல். முந்தின நாள் மத்தியானம், வடக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நல்லையா ஆம்புலன்ஸ் கேட்டுக் கதறிய அதே நேரத்தில், கிழக்குத் தோட்டத்துத் துரை வரப்போகும் சுதந்திர தின விருந்துக்கு ஐஸ்கட்டி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு குரலும் மோதிக்கொண்டதில் ராஜரத்தினம் கேட்டது வெறும் ஊளைச் சத்தம்தான். கடைசியில் நல்லையா பூங்காவனத்தை ரப்பர் லோரியில் ஏற்றினார். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

இன்னொரு ஏரியல் வேண்டுமென்று ராஜரத்தினம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான். இரண்டையும் எதிரெதிராக இணைத்துக் குமிழைத் திருகினால், ஒரு திசைக் குரல் அமுங்கி மற்றது தெளியும். வயர்லெஸ் அறை மேனேஜர் சோமசுந்தரம் மூன்று முறையும் சிரித்தார். "சுதந்திரம் வரட்டும், பார்ப்போம்."

இப்போது அவன் யாரையும் கேட்கவில்லை. சுதந்திர தினத்து வாசல் தோரண விளக்குக்கு வாங்கி வைத்திருந்த செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கூரையேறினான். மூன்று மணிக்குள் வேலை முடிந்தது. சோமசுந்தரம் அப்போதுதான் வந்தார்.

"யாரைக் கேட்டு வயரை எடுத்தே?"

"செத்தவளைக் கேட்டுட்டு எடுத்தேன், ஐயா."

"வேலை போயிரும், தெரியும்ல?"

"போகட்டும். முதல்ல இதைக் கேளுங்க."

இரண்டு தோட்டத்தையும் ஒரே நேரத்தில் பேசச் சொன்னான். ஸ்பீக்கர் ஊளையிட்டது. குமிழை மெல்லத் திருகினான். துரையின் குரல் கொசு ரீங்காரமாய்த் தேய, அடியிலிருந்து நல்லையாவின் குரல் எழுந்து வந்தது.

"இப்ப கேக்குதா? இப்பக் கேட்டு என்னய்யா பிரயோசனம்?"

சோமசுந்தரம் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. திறப்பு விழா வெச்சிரலாம். துரையையும் கூப்பிடுவோம்."

"விழாவா?" ராஜரத்தினம் பதிவேட்டைத் திறந்து, நேற்றைய தேதிக்குக் கீழே எழுதினான்: 'வடக்குத் தோட்டம் கூப்பிட்டது. விளங்கவில்லை. பூங்காவனம் இறந்தாள். இரண்டாவது ஏரியல் மூன்று முறை கேட்டும் கிடைக்கவில்லை.' அதை அவர் முன்னால் தள்ளினான்.

"கையெழுத்துப் போடுங்க."

சோமசுந்தரம் பேனாவைத் தொடவில்லை. அவனை வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. அந்தக் குமிழைத் திருகத் தெரிந்த வேறு ஆள் மலாக்காவில் அவருக்குக் கிடைக்கமாட்டான். வெளியே போனார்.

ராஜரத்தினம் தானே கையெழுத்துப் போட்டான். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.