கூட்டாளிச் சீட்டு

இரண்டு கைகளும் உள்ளவர்களுக்கே இருபது சீட்டை விசிறிபோல விரித்துப் பிடிப்பது பெரும்பாடு. லியென்யிங்குக்கு இப்போது இருந்தது இடது கை மட்டும்தான். வலது கை மணிக்கட்டுவரை வெள்ளைத் துணிக்குள் கிடந்தது. உள்ளே எத்தனை விரல் மிச்சம் என்று அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியன் டெங் எங்கிருந்தோ துணி துவைக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, நார்ப் பக்கம் மேலே பார்க்க அவள் முன்னால் வைத்தான்.

"இதுல செருகிக்கங்க அக்கா. யார் என்ன சீட்டு வச்சிருக்காங்கன்னு பிரஷ் வாயத் தொறந்து சொல்லவே சொல்லாது."

"இங்க நெறைய பேரு அப்படித்தான இருக்காங்க டெங்" என்றாள் லியென்யிங்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சியூமின் வெங்காயத்தாள் சுருட்டிய ரொட்டியின் கடைசி வாயை மென்று முழுங்கினாள்.

அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நிலாப் பண்டிகை இனிப்புக்கான பெட்டிகள் குவிந்து கிடந்த நேரத்தில், மூன்றாம் நம்பர் வெட்டு இயந்திரம் லியென்யிங்கின் கையை நசுக்கிவிட்டது. இயந்திரத்தின் வாயில் கை போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு அன்றைக்கு அங்கே இல்லை. வேகமாக வேலை முடிய வேண்டும் என்று அவளே கழற்றிவிட்டாள் என்றான் ஃபோர்மேன் லுவான். அதுதான் உண்மை என்று முடிவானால் அவளுக்கு வேலையும் இல்லை, வைத்தியமும் இல்லை. ஆனால் தடுப்பைக் கழற்றியது லுவான்தான். ஸ்பேனரோடு அவன் குனிந்து நின்றதை, பெட்டி கட்டிக்கொண்டிருந்த சியூமின் நான்கு முழ தூரத்தில் நின்று பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் லியென்யிங்கின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததும் நிஜம்தான். "நான் சொல்றேன் அக்கா. நீங்க கவலப்படாதீங்க" என்றாள். அழுகிறபோது எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் புருஷன் சொன்னான்: "நான் ஓட்டுற லாரி அவங்களுது. நாம படுக்குற ரூமும் அவங்களுது. யோசிச்சுப் பேசு." சியூமின் யோசித்துக்கொண்டே இருந்தாள். இன்று இரண்டு மணிக்கு மேனேஜர் எல்லோரையும் வைத்து விசாரிக்கப் போகிறார். அதுவரை சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளி தேடும் ஆட்டம் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குப் பொழுது போகாது.

இரண்டு கட்டுச் சீட்டை ஒன்றாகக் கலைத்து நடுவில் வைத்தார்கள். ஐந்து பேரும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள்: லியென்யிங், சியூமின், டெங், வயதில் மூத்த பான் அக்கா, ஃபோர்மேனின் அண்ணன் மகள் சுன்மெய். சுன்மெய் இருக்கிற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பார்கள். லியென்யிங் எடுக்கும் சீட்டையெல்லாம் சியூமின்தான் பிரஷ்ஷில் செருகிக் கொடுத்தாள். அதற்காகத் தன் சீட்டை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் செருகினாள். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அவளுக்கு இருந்தது.

இரண்டாம் எண் சீட்டை முதலில் எடுத்துக் காட்டுபவர்தான் தலைவர், அந்த இனம்தான் துருப்பு. லியென்யிங் இஸ்பேட் இரண்டைக் காட்டினாள். அடியில் மிஞ்சிய எட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். வேண்டாத எட்டைக் கவிழ்த்து வைத்தாள். இனி அவள் கூட்டாளியைக் கூப்பிட வேண்டும். ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது, சீட்டைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கூட்டாளி. சீட்டு மேசையில் விழும்வரை அவர் யாரென்று வெளியே தெரியாது.

"டைமன் ஆஸ். ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இன்னொண்ணு வச்சிருக்கறவங்க என் கூட்டாளி."

சியூமினின் கையில் டைமன் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று ஏழு, மற்றது ஆஸ். வெறும் சீட்டாட்டம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எதிரே சுன்மெய் விசிலடித்துக்கொண்டே சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்தப் புண்ணியவான்? சீக்கிரம் வெளிய வாங்க" என்றாள் சுன்மெய். "தலைவர், கூட்டாளி ரெண்டு பேரு. நாங்க மூணு பேரு. அஞ்சு, பத்து, ராஜா, இதுலதான் புள்ளி. எண்பது புள்ளி எங்ககிட்ட வந்துச்சுன்னா ரெண்டு பேரு மூஞ்சிலயும் காகிதம் ஒட்டிருவேன்."

லியென்யிங் டைமன் மூன்றை இறக்கினாள். கூப்பிடுகிற இறக்கம் அது. கூட்டாளி ஆஸைப் போட்டுப் பிடியை எடுத்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். சியூமின் ஏழைப் போட்டாள். சுன்மெய் ராஜாவைப் போட்டுப் பிடியை அள்ளினாள். பான் அக்காவின் பத்தும் அதில் போயிற்று.

மறைந்திருப்பதும் உதவிதான் என்று சியூமின் மனசுக்குள் வாதாடினாள். கெட்டிக்காரக் கூட்டாளிகள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எதிரிகளோடு எதிரியாக இருந்து, புள்ளிகளைத் தன் பக்கம் சேர்த்துவைத்துக்கொண்டு, கடைசியில் வெளியே வருவார்கள். சொன்னபடி ஒரு பிடியில் பத்து ஒன்றை அவள் எடுக்கவும் செய்தாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

துருப்பில் ஒரு பிடியை எடுத்த லியென்யிங் மறுபடியும் டைமன் இறக்கினாள். நான்கு.

இப்போது சியூமினிடம் இருந்த டைமன் ஆஸ் ஒன்றுதான். இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. விரல் ஆஸின்மேல் போய் நின்றது. சுன்மெய் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தாள். சாயங்காலம் வீட்டில் அவள் சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்: 'மத்தியானம் அந்த அக்காவுக்கு யாரு கூட்டாளி தெரியுமா?' சியூமினின் விரல் நகர்ந்தது. கிளாவர் ஆறு மேசையில் விழுந்தது.

"டைமன் தீந்துபோச்சா?" என்றாள் பான் அக்கா.

"தீந்துபோச்சு."

"அப்ப நீ கூட்டாளி இல்ல" என்றான் டெங். "எங்கிட்டயும் இல்ல. அக்கா, நீங்க ஆவியத்தான் கூப்பிட்டிருக்கீங்க."

லியென்யிங் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் டைமன் இறக்கவே இல்லை. பிரஷ்ஷிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் பிடுங்கி, யாருடைய துணையும் இல்லாதவளாக ஆடினாள். பிடிகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் போயின. எண்பது எப்போதோ தாண்டிவிட்டது.

சீட்டாட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. கடைசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் எழுந்து போக முடியாது. ஐந்து பேரும் கடைசிச் சீட்டைப் போட்டார்கள். சியூமினின் சீட்டு டைமன் ஆஸ்.

சுன்மெய் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "தீந்துபோச்சுன்னு சொன்னியே. கையிலயே வச்சுக்கிட்டு கள்ள ஆட்டம் ஆடியிருக்க."

"கவனிக்கல" என்றாள் சியூமின். "கிளாவரோட கலந்து இருந்துச்சு. பாக்கல."

டைமன் சிவப்பு, கிளாவர் கறுப்பு. பான் அக்கா ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றுவதில் மும்முரமானாள். டெங் சீட்டைப் பொறுக்கினான்.

காகிதத்தைக் கிழித்து நனைத்துத் தந்தாள் சுன்மெய். லியென்யிங் இடது கையால் ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். இன்னொன்றைச் சியூமினின் நெற்றியில் வைத்து மெதுவாக அழுத்தினாள். அப்போதுதான் அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எனக்குச் செருகிக் குடுக்கறப்ப உன் சீட்டெல்லாம் மடியில விரிஞ்சு கெடந்துச்சு. ஆஸைப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன்."

சியூமின் காலியான தன் மடியைக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு உன் பேரச் சொல்லலாமா வேணாமான்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. பயப்படாத, சொல்லமாட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சியூமின் எப்படியாவது தாங்கியிருப்பாள்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. இயந்திரக் கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் லியென்யிங்கிடம் கேட்டார். "தடுப்ப ஃபோர்மேன் கழட்டினாருன்னு நீங்க சொல்றீங்க. யாராவது பாத்தாங்களா?"

லியென்யிங்கின் பார்வை வரிசை முழுக்க ஒருமுறை போய்வந்தது. சியூமினின் முகத்தில் மற்ற முகங்களைவிட ஒரு நொடிகூட அதிகம் நிற்கவில்லை.

"யாரும் பாக்கல" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது சியூமினுக்கு. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்படி லேசானதற்காகத் தன்னைத் தானே வெறுத்தாள். வாயைத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்வரை இருந்தது. அவர் திரும்பி வாசல்வரை நடக்கும்வரைகூட இருந்தது. இங்கே கடைசிச் சீட்டைப் போடச் சொல்ல யாரும் இல்லை. அவள் போடவில்லை. லியென்யிங் தன் துணிமூட்டையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வெளிவாசலைத் தாண்டிப் போனாள்.

கூடத்தில் இயந்திரங்கள் மறுபடியும் இரைந்தன. ஃபோர்மேன் லுவான் சியூமினிடம் வந்தான். நெற்றியைப் பார்த்துச் சிரித்து, ஒட்டியிருந்த காகிதத்தைத் தானே பிய்த்து எறிந்தான்.

"நல்ல பொண்ணு நீ. இனிமே மூணாம் நம்பர் மெஷின் ஒனக்குத்தான்."

மேனேஜர் பார்ப்பதற்காகக் காலையில் பூட்டிய புதுக் கம்பித் தடுப்பு அதில் பளபளத்தது. லுவான் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். இந்தத் தடவை அவன் தன் கையால் கழற்றவில்லை. அதைச் சியூமினின் உள்ளங்கையில் வைத்தான்.

"இது இருந்தா கை ஓடாது. ஏகப்பட்ட பெட்டி பாக்கி கெடக்கு. கழட்டிரு."

சியூமின் சுற்றிலும் பார்த்தாள். நான்கு முழ தூரத்தில் பான் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சியூமின் அவளைப் பார்த்தபோது தலையைக் குனிந்து கயிற்றை இறுக்கினாள். டெங் ஒரு ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ தேடினான்.

ஸ்பேனர் லுவானின் கைச்சூட்டோடு இருந்தது. சியூமின் அதை முதல் போல்ட்டில் மாட்டினாள்.