பட்டாபிராமன் தேதி பார்க்கிறார்

1

இந்தக் கதை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தது. வெளிமாநிலத்தில், கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பின் சங்க அறையில், மோட்டார் சாவிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. வீட்டில் மாத்திரை மிஞ்சினால் அதில் போடுவார்கள். தேவைப்படுகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இதைச் சேவை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

(மாத்திரை ஏன் மிஞ்சுகிறது? ஏழு நாளுக்கு எழுதிக் கொடுத்ததை மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவதால். நானும் ஒருமுறை அரை அட்டை போட்டிருக்கிறேன். நன்றியெல்லாம் சொன்னார்கள்.)

நான் பார்த்துவந்த இரவு வேலையை விட்ட பிறகு, பகலில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. ஒருவருக்கொருவர் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘கோந்த்வாவின் மேல் ஆடி மழை விடாமல்—’

மழைக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. அடித்தாயிற்று.

இரண்டாவது: ‘பட்டாபிராமன் நல்லவர்.’ உண்மைதான். ஆனால் நல்லவர் என்று எழுதிவிட்டால் அவர் செய்ததை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அதுவும் போகட்டும்.

மூன்றாவது: பட்டாபிராமன் பிம்ப்ரிப் பக்கம் ஒரு மருந்து ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். இது நிற்கட்டும்.

என்ன வேலை? பாக்கிங் பிரிவில், பெல்ட்டில் ஓடிவரும் அட்டைகளில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது. ஆகாததை எடுத்து வீசுவது. அதை அவர் பிழையில்லாமல் செய்தார். வினையே அங்கேதான். மருந்து என்றால் அவருக்குத் தேதி. தேதி தாண்டாத மாத்திரை நல்ல மாத்திரை. நல்ல மாத்திரை யாருக்கும் நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு பிரிவின் வேலை.

இந்த அறிவோடு அவர் ஓய்வு பெற்றார். கட்டடமே அவரைக் ‘காகா’, அதாவது சித்தப்பா, என்று அழைத்து, டப்பாவிலிருந்து எடுத்த அட்டையை நீட்டியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பார். சங்கச் செயலாளர் மகாதேவன் முதுகு வலிக்கு ஒரு மாதமாக அவரிடம்தான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்.

3

அவர் மனைவி வனஜா. மூன்று வருடம் முன்பு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. கேட்காமல் வலி மாத்திரை எதுவும் போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பட்டாபிராமனுக்கும் அது தெரியும். விவரம் தெரியாத கடைக்காரன் எடுத்துக் கொடுப்பதைப் பற்றித்தான் அந்த எச்சரிக்கை என்பது அவர் எண்ணம். தானா கடைக்காரன்?

வனஜாவுக்கு முழங்கால் வலி. டப்பாவிலிருந்து ஓர் அட்டை வீட்டுக்கு வந்தது.

“ஏன்னா, இது என் ரத்த மாத்திரையோட சேருமோ?”

அவர் அட்டையைத் திருப்பினார். “இன்னும் பதினாலு மாசம் இருக்கு. நன்னா சேரும்.”

“டாக்டர்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டுடலாமே.”

“இருபத்தாறு வருஷம் நான் என்ன அவல் பொரியா பாக் பண்ணிண்டிருந்தேன்?”

[இந்த இடத்தில் எனக்கு வனஜாவின் மேல் சந்தேகம். சரியான கேள்வியைக் கேட்டவர் தவறான பதிலை ஏன் விழுங்கினார்? கணவருக்குப் பயந்து என்று எழுதிப் பார்த்தேன். அவர் பயப்படுகிறவர் இல்லை. அறியாமையும் இல்லை. முதல் மாத்திரையில் வலி அடங்கியது, அவ்வளவுதான். வலி போனால் மருந்து சரி. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சமமாக நம்பும் ஒரே சித்தாந்தம் இதுதான்.]

தினம் இரண்டு, ஆறு நாள். ஏழாம் நாள் காலை மலம் தார்போலக் கறுத்துப் போனது. நேற்றைய கீரை என்று பட்டாபிராமன் தீர்ப்புச் சொன்னார். பத்து மணிக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்த வனஜாவால் எழுந்திருக்க முடியவில்லை.

* வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கக் கூடும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை அந்தப் புண்ணின் கசிவை நிற்க விடாது. தனித்தனியே இரண்டும் மருந்து. இரண்டுக்கும் தேதி இருந்தது.

4

மருத்துவமனைக்குக் காரில் கொண்டுவந்தவர் மகாதேவன். அவசரப் பிரிவில் படுக்கைக்கு அந்தப் பக்கம் அவரும் நின்றார். இளம் மருத்துவர் வனஜாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. வேறு மாத்திரை, வலிக்கு ஏதாவது, நாட்டு மருந்து, எதுவாவது எடுத்தாரா என்று இந்தியில் கேட்டார்.

பட்டாபிராமனுக்குக் கேள்வி நன்றாகப் புரிந்தது. மகாதேவன் தன்னைப் பார்ப்பதும் தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் நாளை முதல் தான் யார்? வெறும் தேதி பார்த்தவர்.

“நஹி. சிர்ஃப் ஹார்ட் கா கோலி.” இல்லை, இதய மாத்திரை மட்டும்தான் என்றார்.

“பக்கா?” என்றார் மருத்துவர், நிச்சயமாகவா என்று. பதிலை இன்னும் எழுதவில்லை.

5

முடிவு ஒன்று: பட்டாபிராமன் உடைந்து அழுது உண்மையைச் சொல்கிறார், வனஜா பிழைக்கிறார், டப்பா குப்பைக்குப் போகிறது. எழுதிவிட்டு நானே சிரித்தேன். அவர் அழுகிற ஆளா?

முடிவு இரண்டு: வனஜா இறந்துபோகிறார். இது உங்களுக்கு வசதி. பாவம் என்று சொல்லி, நாம் அப்படியில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடலாம். அந்தச் சலுகையைத் தருவதாக இல்லை.

முடிவு மூன்றில் ஒரு வரிக்கு மேல் போக முடியவில்லை. வனஜா கண்ணைத் திறந்து, “அவர் என்ன கேக்கறார்?” என்கிறார். இங்கே வந்து முப்பது வருடமாகியும் அவருடைய இந்தி காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. நடுவில் நிற்பவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். பட்டாபிராமன் வாயைத் திற—

நிறுத்திவிட்டேன். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். போன முறை மருத்துவர் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? அதையே அவர் வாயில் போடுங்கள். வனஜா பிழைப்பாரா என்பது அதில் தெரிந்துவிடும்.