புளியங்கொட்டை வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறன்று, காலை ஆறேகால் மணிக்கு, ஸ்ரீரங்கத்தில் பதினொரு பேர் வாயில் ஆளுக்கொரு புளியங்கொட்டை வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் வந்தது, காபி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வந்தது, குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு வந்து தொண்டையில் சிக்கப் பார்த்தது. துப்பினால் மறுபடி நாக்கடியில் வந்து உட்கார்ந்தது. கடித்தவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டார்கள். என்றைக்கோ ஒரு பெண்குழந்தையிடம் சொன்ன வார்த்தை, சொன்ன அதே எரிச்சலோடு கேட்டது. சின்ன வார்த்தை அரை நாளில் கரைந்தது, நீளமான வாக்கியத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை காபியும் கசந்தது, அக்காரவடிசலும் கசந்தது. துபாயில் ஒரு தாய்மாமனுக்கும் அதே நிமிடத்தில் வந்ததாகப் பிறகு போனில் தெரிந்தது. அங்கே அப்போது மணி நாலே முக்கால்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஊருக்கு மூன்று வாரம் பிடித்தது. பாலக்கரையிலிருந்து வரும் கேத்தரின் என்ற இருபத்தொன்பது வயது விளையாட்டு ஆசிரியை, பத்து முதல் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஓட்டக் குழு தொடங்கியிருந்தார். சனி, ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தேர்முட்டி அருகே கூடுவார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் தன்னிடம் உள்ள நல்லது ஒன்றையும் உரக்கச் சொல்லிவிட்டு, சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றி ஓட வேண்டும். பன்னிரண்டாம் வாரம் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர். நாலு பேர் பார்த்தால் தலையைத் தொங்கப்போடும் பிள்ளைகளை நிமிர வைப்பதுதான் நோக்கம், பதக்கம் கிதக்கம் எதுவும் கிடையாது. கேத்தரின் கல்லூரிவரை எண்ணூறு மீட்டர் ஓடியவர். மைதானத்தில் எல்லோரும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள், அவர் கால்களுக்கு வேறு திசை தெரியாது. எனவே முதல் நாளே தேர் போகும் திசைக்கு எதிராகப் பிள்ளைகளை ஓடவிட்டார். கோயிலை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். மிஸ்ஸிடம் அதைச் சொல்ல ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. தைரியம் இல்லாதவர்களுக்காகத்தானே குழுவே தொடங்கியது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்படி இடமாக ஓடி, வடக்குச் சித்திரை வீதி முடிந்து மேலச் சித்திரை வீதிக்குத் திரும்பும் மூலையில் மூச்சு வாங்கும்போது, பிள்ளைகளின் நெஞ்சில் கிடந்த பழைய வார்த்தை ஏதாவது மூச்சோடு வெளியேறி, சொன்னவர் வாய்க்கே போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் விஷயம். இதை எழுதுகிறவன் வாயிலும் இரண்டு வந்தன. அவற்றைப் பற்றி எழுத இங்கே இடம் போதாது.

குழுவில் மாரியாயி என்றொரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வயது. எட்டு வயதுவரை வாய் ஓயாத பிள்ளை, அதன்பின் நான்கு ஆண்டுகளாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்பா அடைக்கலம் மருங்காபுரிப் பக்கம் வானம் பார்த்த பூமியை விட்டுவிட்டு வந்து ராஜகோபுரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். தொண்டையில் குறை ஒன்றுமில்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அடைக்கலம் சமயபுரத்துக்கு மூன்று முறை நடந்துபோய் மொட்டை போட்டுக்கொண்டார். மகள் ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அதற்குமேல் அவருக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பேர் சொல்லும் நேரத்தில் மாரியாயி கையை மட்டும் தூக்குவாள், கேத்தரினும் அடுத்தவளைப் பார்ப்பார். அடைக்கலம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆனால் ஸ்டாண்டில் அவர் ஜம்பத்துக்குக் குறைச்சல் இல்லை. "எம் வாய்க்கு ஒண்ணாவது வந்துச்சா பாத்தியா? புள்ளைங்ககிட்ட வார்த்தைய அளந்து பேசணும்யா" என்று மற்ற டிரைவர்களிடம் சொல்வார். அதற்குள் நாலு கொட்டை வாங்கியிருந்த நவ்ஷாத், வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்டில் புகார் கிளம்பியது. வடக்குச் சித்திரை வீதி சம்பத் மாமா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பத்து பேரோடு வந்து நின்றார். "அப்ரதக்ஷிணமா ஓடினா அனர்த்தம் வராதோ? நாளையிலேருந்து வலமா ஓடச் சொல்லுங்கோ" என்றார். தம் பேத்தி தேவதர்ஷினி பாடுவதைக் காக்காய்க் குரல் என்று அவர் எப்போதோ சொன்னது அந்த வாரம்தான் அவர் வாய்க்குத் திரும்பியிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. கேத்தரின் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அந்த வார இறுதியில் பிள்ளைகள் வலமாக ஓடினார்கள். யார் வாயிலும் கொட்டை வரவில்லை. ஆனால் திரும்பிப்போன வார்த்தைகளெல்லாம் மறுபடி பிள்ளைகளிடமே வந்து சேர்ந்தன. ஏழு பேர் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. முந்தின வாரம் முழுக்கக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்த தேவதர்ஷினி, குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். மாமா ஐந்து நாள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டார். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே தேர்முட்டிக்கு வந்துவிட்டார். "பழையபடியே ஓடட்டும்மா. பெருமாள் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார். நேக்குக் கசக்கும், கசக்கட்டும்" என்றார். இந்த ஊரில் ஒரு புகாரைக் கொடுத்தவரே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனது இதற்குமுன் நடந்ததாகத் தெரியவில்லை.

பத்தாம் வாரம் மாரியாயி மேலச் சித்திரை வீதியில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளிக்கும்போதுதான் கேத்தரினுக்கு உறைத்தது, அவள் ஒரு நாளும் வாயைத் திறந்து ஓடியதே இல்லை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, இரண்டு மாதமாக ஓடியிருக்கிறாள். ஏன் என்று கேட்டு நோட்டை நீட்டியபோது எழுதினாள்: "வாயத் தொறந்தா அது அப்பாகிட்ட போயிடும். ரொம்பப் பெரிசு மிஸ். அப்பாவுக்குக் கசக்கும்."

கேத்தரின் அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்தெடுத்து அடைக்கலத்திடம் கொடுத்தார். அவர் அதை நாலைந்து தடவை படித்தார். அன்று சவாரிக்குப் போகவில்லை. தான் என்ன சொன்னோம் என்று மகளைக் கேட்டார், அவள் தலையாட்டி மறுத்தாள். மனைவி இருளாயியைக் கேட்டார். "நீங்க சொன்னது ஒண்ணா ரெண்டா? எதுன்னு நான் சொல்ல?" என்றாள் அவள். பன்னிரண்டு நாள் யோசித்தும் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை, உண்மையிலேயே மறந்திருந்தார். நம்மில் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு அன்றைக்கே முடிந்துபோகிறது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அடைக்கலமே துணைக்கு வந்தார். காக்கிச் சட்டையோடு வந்தார், ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடினார். முதல் சுற்றில் பாதியிலேயே அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் மாரியாயி உதட்டை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க ஓடினாள். இரண்டாம் சுற்றில் மற்ற எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வடக்குச் சித்திரை வீதி முடியும் மூலையில் அவள் முகம் வெளுத்து, நடை தள்ளாடியது. அடைக்கலம் அவள் முன்னால் போய் வழிமறித்து நின்றார். அவருக்கும் மூச்சு வரவில்லை.

"குடுத்துடு தாயி" என்றார். "அது என்னோடது. நீ எதுக்கு வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுற? எங்கிட்டயே குடுத்துடு."

அவள் முடியாது என்று தலையாட்டினாள். அவர் சின்னப்பிள்ளை மருந்துக்கு வாய் திறப்பதுபோலத் தன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள், அவர் மூடவில்லை. அப்போதுதான் மாரியாயி வாயைத் திறந்து மூச்சு விட்டாள்.

வந்தது மற்றவர்களுக்கு வந்ததைவிட மூன்று மடங்கு பெரியது. கடித்ததும் அடைக்கலத்துக்குத் தன் குரல் கேட்டது: "நீ வாயத் தொறந்தாலே நம்ம குடும்பத்துக்குக் கேடுதான்." கூடவே பாத்திரங்கள் இடிபடும் சத்தமும் கேட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன், வீட்டில் எத்தனை பேர் என்று வீட்டுச் சொந்தக்காரர் கேட்க, சித்தப்பா குடும்பமும் ஒரு மாதமாக இருக்கிறது என்று மாரியாயி உள்ளதைச் சொல்லிவிட்டாள். மூன்று நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டிவந்தது. பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றும்போது அவர் சொன்னது அது. ஒரே ஒரு தடவைதான். சாயங்காலத்துக்குள் வேறு வீடு கிடைத்தது, அவர் மறந்துவிட்டார், எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தார். அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்ததுகூட இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அடைக்கலம் சாக்கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார். ஒரு பசுமாடும் இரண்டு பக்தர்களும் விலகிப் போனார்கள்.

"எந்திரிங்கப்பா" என்றாள் மாரியாயி. "இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர்தான் இருக்கு."

அது எட்டு வயதுப் பிள்ளையின் குரல். நின்ற இடத்திலேயே அது நான்கு ஆண்டுகளாக இருந்திருக்கிறது, அவள் வயதை வந்து எட்டிப்பிடிக்கப் பொங்கல்வரை ஆயிற்று. இருவரும் கடைசியாக, ஒரு மணி நேரம் இரண்டு நிமிடத்தில் தேர்முட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கேத்தரின் அதுவரை முடிவுக் கோட்டுக் கயிற்றைச் சுருட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழு இப்போதும் நடக்கிறது, இடமாகத்தான் ஓடுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் விவரம் தெரிந்த வீடுகளில் பனங்கற்கண்டை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுடையதெல்லாம் இரண்டு நாளில் கரைந்தது, அடைக்கலத்தின் கொட்டை மட்டும் இன்றுவரை கரையவில்லை. அவரும் அதற்காக எதுவும் செய்யவில்லை. இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் யாராவது, என்னண்ணே வெத்தலையா என்று கேட்டுவிடுகிறார்கள். இல்லைங்க, எம் பொண்ணு குடுத்தது என்கிறார்.