அரை வயிறு

தன் கையால் செய்த கதவை அப்பா தானே அறுத்துக்கொண்டிருந்தார். வெல்டிங் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் அலறியது. உள்ளே தம்பி இரும்புக் கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தான். எவ்வளவு கத்தியும் பதில் இல்லை.

அம்மா உதடு கிழிந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் அப்பாவுக்குத் தெரியாமல் அறைப் பூட்டைத் திறந்து ஒரு தட்டுச் சோறு கொண்டுபோனவளைத் தள்ளிவிட்டு அவன் ஓடினான். சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் வந்து, தானாகவே அந்த அறைக்குள் புகுந்துகொண்டான். பாவி, போதை ஊசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான்.

கீல் அறுந்து கதவு சாய்ந்தது. அக்கா முதலில் நுழைந்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கை சில்லிட்டிருந்தது.

"எந்திரிடா நாயே! யாருகிட்ட நடிக்கிற?" அப்பா அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அக்கா அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அவர் சுவரில் மோதி விழுந்தார்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி அளந்து போடுவது அவள் வேலை. அங்கே எலி ஒரு பிடியை அழுத்தினால் குழாய் வழியே போதை மருந்து உடம்பில் இறங்கும். வயிறு நிறைந்த எலி கொஞ்சம் அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். அரை வயிற்று எலி கால் நகம் பெயர்ந்தாலும் விடாது. அதற்காகவே சில கூண்டுகளுக்குத் தீனியைக் குறைப்பார்கள்.

சிகிச்சை முடிந்து தம்பி வந்த அன்றைக்கே அவள் சொன்னாள். "பட்டினி மட்டும் போடாதீங்கப்பா. பசி கெளம்பினா அந்த ஆசையும் கூடவே கெளம்பும். தெனம் கண்ணால பாக்குறேன்."

"போடி! எலிக்குத் தீனி போடுறவ எம் புள்ளைக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா. வயிறு காஞ்சா தன்னால வழிக்கு வருவான்."

அவனை அறையில் போட்டுப் பூட்டினார். அவள் ஜன்னல் கம்பி வழியாக ரொட்டி கொடுத்தாள். மறுநாள் அப்பா ஜன்னலுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டார். அவர் வேலை என்றைக்கும் கச்சிதம்தான்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்ததும் அப்பா அலமாரியிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தார். நேற்றிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். கண்ணாடி அறை முழுக்கச் சிதறியது.

அவர் கையை ஓங்கினார்.

"அடிங்க. அடிச்சிட்டு உக்காந்து சாப்பிடுங்க."

"எனக்குப் பசிக்கல."

"என் தம்பியக் கொன்னுட்டீங்க. நீங்களும் அவன் பின்னாடியே போயிடலாம்னு பாக்குறீங்களா? விடமாட்டேன்."

பக்கத்து வீட்டார் கொடுத்த சோற்றைப் பிசைந்து, அவர் தாடையை அழுத்திப் பிடித்து வாயில் திணித்தாள். அவர் அவள் முகத்திலேயே துப்பினார். துடைக்காமல் அடுத்த கவளத்தைத் திணித்தாள். "முழுங்குங்க!" அவர் அவள் விரலைக் கடித்தார். ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

அவர் தாடை மெல்லத் தளர்ந்தது. மென்றார்.

கிழிந்த உதட்டோடு அம்மா எழுந்து வந்து, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.