சரிவுக்கு அளவு இல்லை

அப்பாவு பில்லை மாரிசெல்வியின் மேசைமேல் போட்டார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. கண்டெய்னர் ஆபீசுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவர் கழுத்தெல்லாம் வியர்வை.

"நான் வெட்டுன மண்ணுல பாதிய காக்கா தூக்கினு போச்சா மேடம்?" என்றார்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. 2013ஆம் வருடத்து ஆவணி மாதம் அது. தொழிற்சாலையைக் கட்டித்தரும் கம்பெனியில் மாரிசெல்விக்கு பில்லிங் இன்ஜினியர் வேலை. யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று டேப் பிடித்து அளந்து, ஒப்பந்தம் சொல்கிற விதத்தில் கணக்கிட்டு பில்லில் ஏற்ற வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். அப்பாவு உள்ளூர்க்காரர். தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது கிடைத்த பணத்தில் ஒரு ஜேசிபி வாங்கி, கம்பெனிகளிடம் மண்வேலையை சப்-காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துவந்தார்.

தொழிற்சாலைக்குப் பின்னால் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் வெட்டுவது அவர் வேலை. ஆழம் மூன்று மீட்டர். அடியில் ஒன்றரை மீட்டர் அகலம் இருந்தால் கான்கிரீட்டுக்குப் போதும். ஆனால் அந்த இடம் முன்பு ஓடையாக இருந்து, லாரி லாரியாக மண் கொட்டி நிரவப்பட்டது. செங்குத்தாக வெட்டினால் நிற்காது. அதனால் அப்பாவு இரண்டு பக்கமும் சரிவு விட்டு, மேலே நான்கு மீட்டர் அகலத்துக்கு வெட்டியிருந்தார். வெட்டியதில் ஏறக்குறைய பாதி மண் அந்தச் சரிவில்தான் இருந்தது. பில்லில் அது இல்லை.

மாரிசெல்வி ஒர்க் ஆர்டரை எடுத்து அந்த வரியைக் காட்டினாள். கான்கிரீட்டின் அகலமும் பள்ளத்தின் ஆழமும் மட்டுமே அளவில் சேரும். சரிவும், ஆள் நின்று வேலை செய்யும் இடமும் அளக்கப்படமாட்டா. அவை விலைக்குள் அடக்கம். அதன் கீழே அப்பாவுவின் கையெழுத்து இருந்தது.

"நீங்க வெட்டுனது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நான்தான டேப் புடிச்சேன்," என்றாள். "ஆனா இதுல இப்படி எழுதியிருக்கு."

அந்த வரியைத் தனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்று அப்பாவு சொன்னார். படித்துக் காட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும் என்று அவரே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டார். பிறகு கதவருகே போய் நின்றார்.

"செரி மேடம். இனிமே நேரா வெட்டறேன். உங்க பேப்பர்ல எப்டிக் கீதோ அப்டி."

அவள் மறித்துப் பேசுவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

மாரிசெல்வி அன்றே திட்ட மேலாளர் இராமச்சந்திரனிடம் போனாள். முப்பது வருடம் கட்டுமானத்தில் இருந்தவர். குரலை உயர்த்தமாட்டார், எல்லாரையும் டீ குடித்தாயா என்று கேட்பார். அந்த மண் நேராக நிற்காது, சரிவையும் அளவில் சேர்த்து ஒரு வரி போடுங்கள், இல்லை பலகை அடித்து முட்டுக் கொடுப்பதற்காவது தனியாக ஒரு வரி போடுங்கள் என்று கேட்டாள். அவர் மறுக்கவில்லை, மண்ணைப் பற்றி அவருக்கும் தெரியும். தொழிற்சாலை முதலாளிகள் நம் கம்பெனிக்கும் அப்படித்தான் அளக்கிறார்கள், சரிவுக்கு ஒரு பிடி மண்கூடச் சேர்ப்பதில்லை என்றார். மேலே கிடைக்காததைக் கீழே எப்படிக் கொடுப்பது? சரிவு விடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லையே, பாதுகாப்பாக வெட்டுவது அப்பாவுவின் பொறுப்பு, அதுவும் ஆர்டரில் இருக்கிறது என்று முடித்தார்.

அவள் படி இறங்கினாள். கோபம் அடங்கவில்லை. சரிவு விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிகிறது. சரிவு விட்டால் அப்பாவுக்குக் கட்டுப்படியாகாது என்பதும் தெரிகிறது. இரண்டும் தெரிந்துகொண்டே ஒரு மனிதர் டீ குடித்தாயா என்று கேட்க முடிகிறது.

அடுத்த வாரம் பள்ளத்தைப் பார்க்கப் போனாள். அப்பாவு சொன்னபடியே செய்திருந்தார். சுவர்போல இரண்டு பக்கமும் நேராக இறங்கியது. அடியில் அவருடைய தங்கை மீனம்மாளின் புருஷன் சுப்பிரமணி, மட்டம் பார்த்து மண்ணைச் சீவிக்கொண்டிருந்தார். மச்சானிடம் வேலை செய்வதால் மேஸ்திரிபோல எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மாரிசெல்வி மேலேயிருந்து, ஏறி வாங்க என்று கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, ஏணியை அந்தப் பக்கம் எடுத்துப் போயிருக்கிறார்கள் மேடம் என்றார். அவள் அப்பாவுவைத் தேடிப் போய்ச் சண்டை போட்டாள். ஆளைக் கீழே இறக்காதீர்கள் என்றாள். இறக்காமல் வடிகால் தானாகக் கட்டிக்கொள்ளுமா என்று அவர் கேட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது என்று டீக்கடையில் எல்லாரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு, பள்ளத்தின் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்தது. அடியில் இருவர் இருந்தார்கள். ஒருவனை இடுப்புவரை மண் மூடியது, இழுத்து எடுத்துவிட்டார்கள். சுப்பிரமணி முழுக்க மண்ணுக்குள் போய்விட்டார்.

ஜேசிபியை நேராக அவர்மேல் இறக்க முடியாது. அப்பாவுதான் ஓட்டினார். பக்கவாட்டில் மண்ணை வாரி வாரி அகலமாக்கி, கிட்டே போனதும் குதித்து இறங்கிக் கையால் தோண்டினார். மாரிசெல்வியும் மண்ணை அள்ளினாள். வெளியே எடுத்தபோது சுப்பிரமணியின் வாய்க்குள் மண் இருந்தது. அப்பாவு விரலைவிட்டு அதை எடுத்துக்கொண்டே இருந்தார். உயிர் இல்லை என்று யாரோ சொன்ன பிறகும் எடுத்தார்.

அன்று சாயங்காலமே அப்பாவுவைப் போலீஸ் கூட்டிப்போனது. கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. கம்பெனி கொடுத்த புகாரில், ஒப்பந்தக்காரர் உரிய சரிவு விடாமல் வெட்டியதே காரணம் என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து இராமச்சந்திரன் மாரிசெல்வியைக் கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்கியிருக்கவில்லை. அப்பாவுவின் வேலையை நிறுத்தியாகிவிட்டது, இதுவரை ஆனதை அளந்து கணக்கை முடிக்க வேண்டும் என்றார். பள்ளத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலமே போடச் சொன்னார். சரிந்த மண்ணை வாரியதை எதில் போடுவது என்று அவள் கேட்டாள்.

"அது அவர் தப்புனால வந்த வேலைம்மா. அளவுல வராது."

மாரிசெல்விக்கு முதலில் புரியவில்லை.

"சுப்பிரமணியை எடுக்கத் தோண்டுன மண்ணா சார்?"

"ஆமா."

"அதையும் அளக்கக்கூடாதா?"

"மாரிசெல்வி, ஆர்டர்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அளவு போடும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள், என் கையெழுத்து அதில் வராது என்றாள். உணர்ச்சிவசப்படாதே என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. இவர் ஒருமுறையாவது கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மறுநாள் காஞ்சிபுரத்திலிருந்து அரசு ஆய்வாளர் வந்தார். கண்டெய்னர் ஆபீசில் எல்லாரையும் வைத்து விசாரித்தார். சரிவு ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு இராமச்சந்திரன், அது முழுக்க ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று ஆர்டரைக் காட்டினார். ஆய்வாளர் படித்துத் தலையசைத்தார். அடுத்த கேள்விக்குப் போகப்போனவரை மாரிசெல்வி நிறுத்தினாள்.

"அதுக்கு மேல ரெண்டு வரி தள்ளிப் படிங்க சார். சரிவுக்கு அளவு கிடையாதுன்னு இருக்கும். அப்பாவு அண்ணாச்சி முதல்ல சரிவு விட்டுத்தான் வெட்டுனாரு. அளந்தது நான். பில்லுல ஏத்தாததும் நான்தான், ஏன்னா அதுல அப்படி இருக்கு. சரிவு விட்டா நஷ்டம், விடாட்டா சாவு. இந்த ரெண்டுல ஒண்ண அவரு எடுக்கணும்னு நாம எழுதி வச்சிருக்கோம். மாத்துங்கன்னு ஆவணியிலயே இராமச்சந்திரன் சார்கிட்ட கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

அப்பாவு செய்ததும் தப்பு, அந்தப் பள்ளத்தில் ஆளை இறக்கியது அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஆனால் அவர் ஒருவரை மட்டும் உள்ளே வைத்துவிட்டு நாம் டீ குடிக்க முடியாது என்றாள். ஆய்வாளர் பேனாவை எடுத்து, ஆவணியில் கேட்டதாகச் சொன்னீர்களே, அதை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

வழக்கில் இராமச்சந்திரனின் பெயரும் கம்பெனியின் பெயரும் சேர்ந்தன. மாரிசெல்வியை விசாரணைக்கு மறுநாளே கேட்டில் செக்யூரிட்டியே நிறுத்தினார். அவளுடைய குடையையும் டிபன் பாக்ஸையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள்.

அதே வாரம் மீனம்மாளைப் பார்க்க மாரிசெல்வி அவள் வீட்டுக்குப் போனாள். அடிப்பாள், துரத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். மீனம்மாள் உட்காரச் சொன்னாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, அண்ணனின் தப்பால்தான் விபத்து என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துக் கேட்டதாகவும், தான் போடவில்லை என்றும் சொன்னாள். அண்ணனைக் காப்பாற்ற அல்லவாம். அண்ணன் முகத்தில் இனி முழிக்கமாட்டாளாம். ஜாமீனில் வந்து வாசலில் நின்றவரை உள்ளே விடாமல் கதவைச் சாத்தியிருந்தாள். பிறகு, அந்த அளவு விஷயம் என்ன, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றாள். மாரிசெல்வி தரையில் விரலால் பள்ளத்தை வரைந்து காட்டினாள். நடுவில் இருப்பது கணக்கில் வரும், இரண்டு பக்கமும் இருப்பது வராது.

மீனம்மாள் அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தாள்.

"அவரு மேல வுழுந்த மண்ணு இருக்குதே, அது கணக்குலயே இல்லாத மண்ணா?"

"ஆமாக்கா."

மீனம்மாள் அழவில்லை. உள்ளங்கையால் தரையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். கை சிவந்துவிட்டது. வழக்கு எத்தனை வருடம் நடந்தாலும் நடக்கட்டும், நீ சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்டாள். வருவேன் என்றாள் மாரிசெல்வி.

தை பிறந்தபின் ஒருநாள் வழக்கறிஞரைப் பார்க்க இருவரும் வாலாஜாபாத் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். தொழிற்சாலையைத் தாண்டும்போது மாரிசெல்வி ஜன்னல் வழியே பார்த்தாள். மீதி வடிகாலை வேறு ஒருவர் வெட்டியிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருவரும் நடந்து வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய பழைய ஆபீசின் உதவியாளர் கோமதிநாயகம் நின்றிருந்தார். புது ஆர்டரில் சரிவையும் அளக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிட்டார்கள், தொழிற்சாலை முதலாளிகளே ஒத்துக்கொண்டார்கள் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம்.

ஒரு வரி. ஆவணியில் அதே ஒரு வரியைத்தான் மாரிசெல்வி கேட்டாள்.

அன்று வாரவிடுமுறை. பள்ளத்தில் ஆள் இல்லை. மீனம்மாள் வேலிக்கம்பியை விலக்கி உள்ளே போனாள், கோமதிநாயகம் தடுக்கவில்லை. புதுப் பள்ளம் அகலமாக, படிப்படியாக, அழகாகவே வெட்டப்பட்டிருந்தது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினாள். அடியில் போய் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஏணி இல்லாமல், எதையும் பிடிக்காமல், கையை வீசிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாரு," என்றாள் மாரிசெல்வியிடம். "நடந்தே வந்துட்டேன்."